வெள்ளை பெல்ட்டுக்கான தியரி கையேடும் சனிக்கிழமை வகுப்பும்: டேக்வாண்டோ பழகப் போகிறவர்களுக்கு ஒரு விமர்சனம்

சிலாங்கூரில் நாங்கள் இருக்கும் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) பாணியில், கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ வகுப்பு நடக்கிறது. நானும் மகளும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு டோபோக் என்கிற பயிற்சி உடையோடு ஒரு தியரி கையேட்டையும் கொடுத்து 15 ரிங்கிட் வாங்கிக்கொள்கிறார்கள். சனிக்கிழமை பயிற்சிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் தியரி வகுப்பு உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கையேடு, வகுப்பு இரண்டையும் பற்றி எழுதக் காரணம், கிரேடிங், அதாவது அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு, நெருங்கும்போது பெற்றோர்கள் பலர் பிள்ளைகளை உட்காரவைத்து கொரியச் சொற்களை அர்த்தம் தெரியாமல் உருப்போட வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அதுவே வெறுத்துப் போகிறது. அப்படிக் கஷ்டப்படத் தேவையே இல்லை, முக்கியமாகத் தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு அருமை. கையேட்டில் பாதி நன்றாக இருக்கிறது, மீதியைத் திருத்தி அச்சடிக்க வேண்டும். கையேட்டை மட்டும் வாங்கி வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் வேண்டாம்.

கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்தது நிலைகளுக்கான பக்கங்கள். சோகி என்றால் நிற்கும் நிலை. நரானி சோகி, அன்னுன் சோகி, கன்னுன் சோகி, நியுன்ஜா சோகி என்று நான்கையும் பாதச் சுவடு வரைந்து அளவோடு காட்டியிருக்கிறார்கள். கன்னுன் சோகி என்பது நடக்கும் நிலை: நீளம் தோள் அகலத்தில் ஒன்றரை மடங்கு, அகலம் ஒரு தோள் அளவு, எடை இரண்டு காலிலும் சரிபாதி, பின் பாதம் 25 பாகை வெளியே திரும்பியிருக்க வேண்டும். நியுன்ஜா சோகியில் எடை பின்காலில் 70 சதவீதம், முன்காலில் 30. கொரிய எழுத்தான நியுன் பார்க்க எல் வடிவத்தில் இருக்கும், அதனால் அந்தப் பெயர். கையேட்டில் அந்த எழுத்தையே பாதச் சுவடுகளுக்குப் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பது நல்ல யோசனை, ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

ஆனால் இந்த எண்களுக்கு உயிர் வருவது வகுப்பில்தான். மாஸ்டர் பிள்ளைகளிடம் பெல்ட்டைக் கழற்றச் சொல்வார். பக்கத்தில் நிற்கிறவரின் இரண்டு தோளுக்கும் நடுவே பெல்ட்டைப் பிடித்து, அந்த அளவில் விரலால் இறுக்கிக்கொண்டு, அப்படியே தரையில் வைத்து சாக்பீஸால் கோடு போட வேண்டும். அப்புறம் அதில் பாதியைச் சேர்த்து இன்னொரு கோடு. அந்த ஒன்றரை மடங்கு நீளத்தின் ஒரு முனையில் பின்காலின் பெருவிரல், மறு முனையில் முன்காலின் பெருவிரல். ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடு வேறு இடத்தில் விழும், ஏனென்றால் தோள் அகலம் ஆளுக்கு ஆள் வேறு. ‘ஒன்றரை மடங்கு’ என்று பத்து தடவை எழுதிப் படித்தும் மனதில் நிற்காத பிள்ளைக்கு, தன் கோட்டில் தானே நின்று பார்த்ததும் புரிந்துவிடுகிறது. நான் பார்த்த வரையில் தியரியைச் சொல்லித்தர இதைவிட நல்ல வழி கிடையாது. தியரி என்று தனியாக ஒரு பாடம் இருப்பது போல நாம் நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் அது உடம்பு செய்கிற வேலைக்கான கணக்கு.

இனி கொரியச் சொற்கள். இங்கேதான் கையேடு சறுக்குகிறது, நான் அதிகம் எழுத வேண்டியதும் இங்கேதான்.

எல்லாச் சொற்களையும் ரோமன் எழுத்தில் போட்டு, எதிரே ஆங்கிலத்திலும் மலாயிலும் பொருள் கொடுத்து, நீளமான அட்டவணையாக விட்டிருக்கிறார்கள். எப்படி உச்சரிப்பது என்று ஒரு வரிகூட இல்லை. விளைவு என்னவென்றால் உதையைக் குறிக்கும் ச்சாகியைப் பிள்ளைகள் ‘சாஜி’ என்கிறார்கள், குத்தைக் குறிக்கும் ஜிருகியை ‘ஜிருஜி’ என்கிறார்கள், தடுப்பான மக்கியை ‘மக்ஜி’ என்கிறார்கள். பள்ளியில் ஆங்கிலம் படித்த பிள்ளை வேறு எப்படிப் படிக்கும்?

இதையே தமிழில் எழுதிப் பாருங்கள். நம் எழுத்தில் க ஒன்றுதான், ஆனால் சொல்லின் நடுவில் தனியாக வந்தால் மென்மையாகவும், இரட்டித்து வந்தால் வன்மையாகவும் தானே ஒலிக்கிறது. பகல், பக்கம் என்று சொல்லிப் பாருங்கள். கொரிய மொழியிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். சோகி, ஜிருகி, ச்சாகி என்று எழுதினால் க மென்மையாக வரும், மக்கி என்று எழுதினால் வன்மையாக வரும், கொரியர் சொல்வதும் அப்படித்தான். வெளிப்பக்கம் என்ற சொல்லைக் கையேட்டில் ஒற்றை கே போட்டு எழுதியிருக்கிறார்கள், அது உண்மையில் அழுத்தமாக ஒலிக்க வேண்டிய இடம், தமிழில் ‘பாக்கட்’ என்று எழுதினால் சரியாக வந்துவிடும். ச மட்டும்தான் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். சொல்லின் தொடக்கத்தில் அதை ஸ போலச் சொல்வது நமக்குப் பழக்கம். சோகிக்கு அது பொருத்தம், உதைக்குப் பொருந்தாது, அதனால் நான் ‘ச்சா’ என்று எழுதிவைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கன்னுன் என்ற சொல்லைக் கையேட்டில் பாருங்கள், இரண்டு உயிருக்கும் ஒரே யூ எழுத்து. ஆனால் முதலாவது அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவில் வாயைத் தளர்த்திச் சொல்கிற ஒலி. இரண்டாவது, காது, நாடு, பாட்டு என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, அந்தக் குற்றியலுகரம். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களுக்கு இந்த ஒலியைப் புரியவைக்க மாஸ்டர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள், நமக்கு அது பேச்சிலேயே இருக்கிறது. என் மகளுக்கு ‘காது சொல்கிற மாதிரி சொல்லு, உதட்டைக் குவிக்காதே’ என்றேன், அன்றே பிடித்துக்கொண்டாள். எண்களிலும் ஒரு சின்னக் கவனம் வேண்டும்: ஹானா, டுல், செட், நெட், டாசொட், யொசொட், இல்கொப், யொடொல், அஹொப், யொல். செட், நெட் இரண்டிலும் கடைசி ஒற்றை வெடிக்க விடக் கூடாது, நாக்கு மேலே ஒட்டியதோடு சத்தம் நின்றுவிட வேண்டும்.

அடுத்தது சொல் வரிசை. அட்டவணையில் நீளமான பெயர்களைப் பார்த்துத்தான் பெரியவர்களே பயந்துபோகிறார்கள். கன்னுன் சோ பாக்கட் பால்மோக் நாஜுண்டே மக்கி. இதை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யச் சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். பிரித்துப் பார்த்தால்: நடக்கும் நிலை, வெளிப்பக்க முன்கை, கீழே, தடுப்பு. அதாவது நடக்கும் நிலையில் நின்று, முன்கையின் வெளிப்பக்கத்தால், கீழே தடுப்பது. எப்படி நிற்கிறோம், எதனால், எந்த உயரத்தில், என்ன செய்கிறோம், இதுதான் வரிசை, செயல் எப்போதும் கடைசியில். இது அப்படியே தமிழ் வாக்கியத்தின் வரிசை. ஆங்கிலத்தில் யோசிக்கிறவர் சொற்களை மாற்றிப்போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், நாம் நேராகப் போய்விடலாம். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அட்டவணையே தேவையில்லை. உயரத்துக்கு நாஜுண்டே, காவுண்டே, நோப்புண்டே என்று மூன்று சொல், அதாவது கீழ், நடு, மேல். கைக்கு பாக்கட் பால்மோக், முன்கையின் உட்பக்கமான ஆன் பால்மோக், கத்திக்கை என்கிற சோன்கால். செயலுக்கு மக்கி, ஜிருகி, ச்சாகி. பிள்ளை தானே கோத்துக்கொள்ளும், கேள்விப்படாத பெயர் வந்தாலும் செய்து காட்டிவிடும்.

சனிக்கிழமை வகுப்பில் மாஸ்டர் செய்வது இதைத்தான். அவர் தமிழர் இல்லை. வகுப்பில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் கலந்து இருக்கிறார்கள், பேச்செல்லாம் மலாயும் ஆங்கிலமுமாகத்தான் ஓடும். அவர் ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார், ஒவ்வொரு சொல்லுக்கும் உடம்பின் ஒரு பகுதி மட்டும் அசைய வேண்டும். ‘கன்னுன் சோ’ என்றதும் கால் மட்டும் போகும், கை தொங்கிக்கொண்டிருக்கும். ‘பாக்கட் பால்மோக்’ என்றதும் கை மடங்கித் தோளுக்குப் போகும். ‘நாஜுண்டே’ என்றால் பார்வை கீழே. ‘மக்கி’ என்று அவர் அழுத்திச் சொன்ன பிறகுதான் கை இறங்கும். முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, கடைசியில் முழுப் பெயரும் ஒரே வீச்சில். ஏழு வயதுப் பிள்ளையிலிருந்து என்னைப் போன்றவர்கள் வரை எல்லோரும் சேர்ந்து செய்கிறோம், அர்த்தம் என்ன என்று யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

எண்களில் இரண்டு வரிசை இருப்பதையும் வகுப்பில்தான் தெளிவாக்கினார்கள். உடற்பயிற்சியில் எண்ணுவதற்கு ஹானா, டுல், செட். ஆனால் மட்சோகி என்கிற ஜோடிச் சண்டைப் பயிற்சியில், மூன்றடி மட்சோகிக்கு சாம்போ மட்சோகி என்றும், ஓரடிக்கு இல்போ மட்சோகி என்றும்தான் பெயர், செட் அங்கே வராது, சாம்தான் வரும். இல், இ, சாம், சா, ஓ, யுக், ச்சில், பால், கு, ஷிப் என்பது சீன மொழி வழியாக வந்த வரிசை, கிரேடுக்கும் அதுதான். பத்தாம் கிரேடு ஷிப் குப், எட்டாவது பால் குப். நான்கு திசையிலும் குத்துகிற பயிற்சியான சாஜு ஜிருகியில் இருக்கும் சா அந்த நான்குதான். கையேடு இரண்டு வரிசையையும் பக்கம் பக்கமாகப் போட்டுவிட்டு, எது எங்கே பயன்படும் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

கட்டளைச் சொற்களுக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். ச்சாரியொட், கியொங்யே, ஜுன்பி, ஷிஜாக், கொமான், பாரோ எல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவை காதில் விழுந்தால் தானாக வந்துவிடும். கியொங்யே சொன்னால் 15 பாகை குனிய வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும், கிரேடிங்கில் கேட்பார்கள்.

அடுத்து பேட்டர்ன் விளக்கங்கள். பேட்டர்ன் என்பது தனியாளாக வரிசை மாறாமல் செய்யும் அசைவுகளின் தொகுப்பு. ஐடிஎஃப்பில் மொத்தம் 24 பேட்டர்ன், ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பவை. தொடக்கக்காரர்களுக்கு ச்சொன்ஜி, 19 அசைவு, பெயருக்கு வானமும் பூமியும் என்று பொருள், உலகத்தின் படைப்பையும் மனித வரலாற்றின் தொடக்கத்தையும் குறிக்கிறது. கீழ்த் தடுப்போடு வரும் முதல் பாதி, நியுன்ஜா சோகியில் நின்று நடுத் தடுப்பு செய்யும் இரண்டாம் பாதி, ஒன்று வானத்துக்கு, ஒன்று பூமிக்கு. கையேட்டில் திசைப் படம் மிகத் தெளிவாக இருக்கிறது, எந்த அசைவில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அம்புக்குறியோடு. அடுத்தது டான்குன், 21 அசைவு, கி.மு. 2333இல் கொரியாவை நிறுவியதாகச் சொல்லப்படும் புராண நாயகனின் பெயர். அதற்கடுத்து தோசான், 24 அசைவு, கல்விக்கும் விடுதலைக்கும் வாழ்க்கையைக் கொடுத்த ஆன் ச்சாங்ஹோவின் புனைபெயர்.

இந்தப் பகுதி பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது, எனக்கும் பிடிக்கிறது. ஆனால் வரலாற்றை யாராவது ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம். ஆன் ச்சாங்ஹோ பிறந்தது 1876 என்று போட்டிருக்கிறார்கள். ஐடிஎஃப் பாடங்களில் வழக்கமாக இருப்பதும் அந்த ஆண்டுதான், ஆனால் அவர் பிறந்தது 1878. துறவி வொன்ஹ்யோ பேட்டர்னுக்கு, அவர் கி.பி. 686இல் பழைய கொரிய அரசான சில்லாவுக்கு பௌத்தத்தைக் கொண்டுவந்தார் என்று எழுதியிருக்கிறது. 686 வொன்ஹ்யோ இறந்த ஆண்டு, சில்லா அரசு பௌத்தத்தை ஏற்றுக்கொண்டதோ அவர் பிறப்பதற்கு வெகு முன்பே, 527இல். கையேட்டை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பல காலமாக எல்லோரும் ஒரே வாசகத்தைப் படியெடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனாலும் பிள்ளைகள் கையில் கொடுக்கும் புத்தகத்தில் ஒரு அடிக்குறிப்பாவது போடலாம் அல்லவா? பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: கிரேடிங்கில் கையேட்டில் உள்ளதையே சொல்லச் சொல்லுங்கள், வீட்டில் உண்மையையும் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளால் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும்.

இன்னொரு பெரிய குறை, மலேசியா பற்றி ஒரு வரி இல்லை. டேக்வாண்டோ என்ற பெயர் 1955இல் வந்தது, ஜெனரல் ச்சொய் ஹொங் ஹி 1966இல் சியோலில் ஐடிஎஃப்பைத் தொடங்கினார் என்று வருகிறது, சரி. ஆனால் அதற்கு முன்னால், 1962இல் அவர் தென் கொரியத் தூதராக இங்கே, அப்போதைய மலாயாவுக்கு வந்தார். இந்தக் கலை இங்கே வேரூன்றியது அவர் வழியாகத்தான், பேட்டர்ன்களில் பலவற்றுக்கு வடிவம் கிடைத்ததும் அவர் இங்கே இருந்த காலத்தில்தான். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ச்சொன்ஜி பழகுகிற பிள்ளைக்கு இது தெரிந்தால் எவ்வளவு நெருக்கமாக உணரும். மாஸ்டர் வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பெல்ட் நிறங்களின் பொருள், ஐந்து நெறிகள், மாணவர் உறுதிமொழி எல்லாம் வழக்கம்போல இருக்கின்றன, குறை ஒன்றுமில்லை. மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனம் ஆகிய ஐந்துக்கும் கொரியச் சொல்லைப் படிப்பதற்கு முன்னால் அவற்றின் பொருளைப் பிள்ளைகளோடு பேசுங்கள், அது போதும். விசைத் தத்துவத்துக்கு ஒதுக்கியிருக்கும் இரண்டு பக்கம் சுருக்கமாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது: எதிர்விசை, குவிப்பு, சமநிலை, மூச்சுக் கட்டுப்பாடு, நிறை, வேகம். குத்தும்போது மற்ற கையை ஏன் இடுப்புக்கு இழுக்கிறோம் என்ற கேள்விக்கு, எதிர்விசை என்ற தலைப்பின் கீழ் படத்தோடு பதில் இருக்கிறது. கையை இழுத்தும் இழுக்காமலும் மாறிமாறிக் குத்திப் பாருங்கள், உடம்பு திரும்புவதில் வித்தியாசம் தெரியும்.

வெளியே பொருள் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் டேக்வாண்டோ சொல் அட்டைகள் நிறைய விற்கிறார்கள். நானும் ஒரு தொகுப்பு வரவழைத்தேன், அச்சும் தாளும் தரமாகத்தான் இருந்தன, ஆனால் எந்த அமைப்பின் சொற்கள் என்று விற்பனைப் பக்கத்திலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. திறந்து பார்த்தால் எல்லாம் வேர்ல்ட் டேக்வாண்டோ என்ற இன்னொரு அமைப்பின் வழிச் சொற்கள். அங்கே கீழ்த் தடுப்புக்கு ஆரே மக்கி, நமக்கு நாஜுண்டே மக்கி. அங்கே அகலமாக அமர்ந்து நிற்பது ஜுச்சும் சொகி, நமக்கு அன்னுன் சோகி. அங்கே முதல் பேட்டர்ன் 18 அசைவுள்ள தேகுக் இல் ஜாங், நமக்கு 19 அசைவுள்ள ச்சொன்ஜி. ஒலிம்பிக்கில் பார்ப்பது அந்த வழி, 2000 சிட்னியிலிருந்து அது பதக்க விளையாட்டு. இரண்டுமே நல்ல வழிகள்தான், ஆனால் தொடக்கத்தில் இரண்டையும் கலந்தால் பிள்ளை குழம்பிவிடும். எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் உங்கள் மாஸ்டரிடம் எந்த வழி என்று கேளுங்கள். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

அடுத்த பதிப்பில் உச்சரிப்புக்கு ஒலிப்பதிவு சேர்க்கப் போவதாக மாஸ்டர் சொன்னார். ஒரு கியூஆர் குறியீடு போதும், அதோடு தமிழில் ஒரு பக்கம் கொடுத்தால் இங்கே வருகிற பாதிப் பிள்ளைகளுக்கு உதவும் என்று நானும் சொல்லியிருக்கிறேன், எழுதித் தரவும் தயார். அதுவரை கையேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மாஸ்டர் சொல்வதைக் காதால் கேட்ட பிறகு.

கையேட்டுக்கு ஐந்தில் மூன்று, வகுப்புக்கு ஐந்துக்கு ஐந்து. தியரி முடிந்ததும் இடைவேளை இல்லாமல் பயிற்சி தொடங்கிவிடும், அதனால் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஏதாவது சாப்பிடக் கொடுத்து அனுப்புங்கள். டோபோக் அளவு கொஞ்சம் சிறியதாகத்தான் வரும், வளர்கிற பிள்ளை என்றால் ஒரு அளவு கூட்டிக் கேளுங்கள்.